மறுபடியும் அதே மெட்டு!

(மூன்றாமாண்டு மின்னணு மற்றும் தொடர்பியல் பிரிவு மாணவன்)



ஆண்டு மலருக்குப் படைப்புகள் வேண்டும் என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டிய அன்றைக்கே நம்ம ஆட்களில் பாதிப் பேர் 'அன்னை', 'நட்பு', 'கல்லூரிச் சாலை' என்று கவிதைகளை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மீதிப் பேர் கடி ஜோக்ஸ். எனக்கு மிச்சம் இருந்தது வீடியோ கேம்தான். அதுவும் கேமைப் பற்றிக்கூட இல்லை, கேமுக்குப் பின்னால் ஓடுகிற இசையைப் பற்றி! "படிக்கிற வயசுல..." என்று துறைத் தலைவர் ஆரம்பிப்பதற்குள் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டுரையில் 555 டைமர் வருகிறது, ஃப்ரீக்வென்ஸி வருகிறது, பெர்முட்டேஷன் வருகிறது. எல்லாம் சிலபஸ்தான் சார்!

ரஜினி படத்துக்கு முதல் ஷோ போனவர்களுக்கு இந்த விஷயம் ஏற்கெனவே பாதி தெரியும். லைட் அணைந்ததும் திரையில் புள்ளி புள்ளியாக எழுத்துகள் வரும். கூடவே ஒரு இசை வரும். 1992-இல் 'அண்ணாமலை' படத்துக்காக தேவா போட்டது. அதற்கப்புறம் டைரக்டர் மாறினார், இசையமைப்பாளர் மாறினார், கதை மாறியது. அந்தச் சில நொடி மட்டும் படம் படமாகத் தொடர்ந்து வந்தது. அதைக் கேட்டதும் பேப்பர் பறக்கிறதே, ஏன்? அதில் புதுசாக ஒன்றுமே கிடையாது. பழசாக இருப்பதால்தான் பறக்கிறது.

இதே வேலையை வீடியோ கேமில் நாற்பது வருஷமாகச் செய்துகொண்டிருக்கும் ஒரு தொடர் ஜப்பானில் இருக்கிறது. பெயர் 'தி லெஜண்ட் ஆஃப் செல்டா'. நின்டெண்டோ கம்பெனியின் தயாரிப்பு. முதல் கேம் வந்தது 1986 பிப்ரவரி 21. பச்சைச் சட்டை போட்ட லிங்க் என்ற பையன், செல்டா என்ற இளவரசி, கேனான் என்ற அசுரன். கதை நம்ம அம்புலிமாமா ரகம்தான். ஒவ்வொரு கேமிலும் காலம் வேறு, பெரும்பாலும் லிங்க்கும் வேறு ஆள். முந்தைய கேமை ஆடியிருக்க வேண்டிய அவசியமே இல்லை. பிறகு ஒன்றையொன்று எதுதான் கட்டிப்போடுகிறது என்றால், பெரும்பங்கு இசைதான்.

இதெல்லாம் எனக்கு எப்படிக் கிடைத்தது என்று கேட்பீர்கள். எங்க அண்ணன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் ஃபிட்டர். 2023-இல் லீவுக்கு வந்தபோது கூட வேலை பார்த்தவரிடம் பாதி விலைக்கு வாங்கிய நின்டெண்டோ ஸ்விட்ச் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். பழைய கேம்களை ஆடுவதற்கான சந்தாவையும் கட்டியிருந்தான். 1986, 1991, 1998, 2000 என்று அத்தனை செல்டாவும் ஒரே பெட்டியில்! வெளிவந்த காலத்தில் ஆடியவர்கள் அடுத்த கேமுக்கு வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள். நான் ஒரே செமஸ்டர் லீவில் எல்லாவற்றுக்குள்ளும் மாறி மாறிப் போய் வந்தேன். அதனால்தான் மெட்டு திரும்பி வருவது என் காதில் அவ்வளவு சீக்கிரம் பட்டது.

ஹாஸ்டலில் என் ரூம்மேட் மெக்கானிக்கல் பிரிவு. அவன் ஒருநாள் சொன்னான்: "ஏ மக்கா, நாப்பது வருஷமா ஒரே ட்யூனைப் போட்டு ஓட்டுறான். நம்ம ஊர்ல ஒரு மியூசிக் டைரக்டர் இப்படிப் பண்ணா சரக்கு தீந்துபோச்சுன்னு எழுத மாட்டானா?" மெஸ்ஸில் சாம்பார் ஊற்றுகிற இடத்தில் கேட்ட கேள்விதான். ஆனால் அதற்கு அப்போது ஒரு வரியில் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. இந்தக் கட்டுரையே அவனுக்கான பதில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த மெட்டு பிறந்த கதை. இசையமைப்பாளர் பெயர் கோஜி கோண்டோ. 1961-இல் நகோயாவில் பிறந்தவர், 1984-இல் நின்டெண்டோவில் சேர்ந்தவர். மாரியோவின் "டுட்டு டூ டுட் டூ" போட்டவரும் இவரேதான். செல்டாவின் டைட்டில் காட்சிக்கு இவர் முதலில் நினைத்திருந்தது பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவெல் எழுதிய 'பொலேரோ'. கேம் வேலை முடியப்போகும் நேரத்தில்தான் தெரிந்தது, அதன் காப்பிரைட் இன்னும் முடியவில்லை! ராவெல் இறந்தது 1937 டிசம்பரில். ஜப்பானில் அப்போதைய சட்டப்படி இறந்த பிறகு குறைந்தது ஐம்பது வருஷம் கணக்கு. கேம் வரவேண்டியதோ 1986 பிப்ரவரியில். வேறு வழியில்லாமல், கேமுக்குள் லிங்க் வெளியில் நடக்கும்போது வருவதற்காகப் போட்டு வைத்திருந்த மெட்டையே எடுத்து, ஒரே நாளில் டைட்டிலுக்கும் ஏற்றபடி மாற்றிக் கொடுத்தார். ரெக்கார்டு நோட் சப்மிஷனுக்கு முந்தின ராத்திரி நாம் உட்காருவோமே, அந்த மாதிரி! அப்படி அவசரத்தில் டைட்டில் ஏறிய மெட்டுதான் இன்றுவரை அந்தத் தொடரின் முகவரி.

அதை வாசித்த கருவி என்ன தெரியுமா? ஃபேமிகாம் என்ற பெட்டி, 1983 மாடல். அதன் ஒலிப் பகுதியில் இருந்தது இவ்வளவுதான்: இரண்டு பல்ஸ் அலை, ஒரு முக்கோண அலை, ஒரு நாய்ஸ், பதிவு செய்த சின்னச் சின்ன ஒலித்துண்டுகளை வாசிக்க ஒரு சேனல். செல்டா டிஸ்க்கில் வந்ததால் அதற்குக் கூடுதலாக இன்னொரு சேனல். பல்ஸின் ட்யூட்டி சைக்கிள் நான்கே நான்கு: 12.5, 25, 50, 75 சதவீதம். நம்ம லேப் ஃபங்ஷன் ஜெனரேட்டர் இதைவிட வசதியானது! வயலின் மாதிரி குழைய முடியாது, வீணை மாதிரி கமகம் போடவும் முடியாது. நாதத்தால் மயக்க வழியில்லாத இடத்தில் மெட்டு ஒன்றுதான் நிற்க வேண்டும். சட்டியில் சரக்கு இருந்தால்தான் அகப்பையில் வரும் என்கிற நிலைமை. அந்தக் காலத்து கேம் மெட்டுகள் இத்தனை வருஷம் தாக்குப்பிடிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்பது என் கட்சி.

அடுத்தது 1991. சூப்பர் ஃபேமிகாம் பெட்டியில் 'எ லிங்க் டு தி பாஸ்ட்'. இங்கேதான் கோண்டோ செய்த வேலையைப் பார்த்து நான் அசந்துபோனேன். கேம் ஆரம்பிக்கும்போது ராத்திரி, கொட்டுகிற மழை. லிங்க் வீட்டைவிட்டு வெளியே வருகிறான். பழைய ஆட்கள் எல்லோரும் அந்த மெட்டை எதிர்பார்த்துக் காத்திருப்பார்கள். வராது! மழைக்கென்று தனியாக ஒரு இசைதான் ஓடும். கோட்டைக்குள் புகுந்து, சிறையிலிருந்து இளவரசியை மீட்டு, சாக்கடைச் சுரங்கம் வழியாக அவளைக் கோயிலில் கொண்டு சேர்க்க வேண்டும். அதன் பிறகு வெளியே காலை வைத்தால் மழை நின்றிருக்கிறது, வெயில் அடிக்கிறது, தாம் தூம் என்று அந்த மெட்டு! ஆரம்பத்திலேயே போட்டிருந்தால் அது வெறும் பின்னணி. ஒரு ராத்திரி முழுக்க மறைத்து வைத்ததால் அது விடியல் ஆகிவிட்டது.

(பரிசு கொடுப்பதற்கு முன்னால் இரண்டு மணி நேரம் பேசுகிற சிறப்பு விருந்தினர்களும் இதே முறையைத்தான் கையாள்கிறார்களோ?)

இந்த 1991 கேமில்தான் இளவரசிக்கென்று ஒரு தனி மெட்டும் பிறந்தது. தாலாட்டு மாதிரி, மெதுவாக, மூன்று மூன்று சுரமாக நகரும். அது அப்போது சும்மா ஒரு பின்னணி. ஏழு வருஷம் கழித்துத்தான் அதற்கு வேலை வந்தது.

1998 நவம்பர் 21. 'ஓகரினா ஆஃப் டைம்'. ஓகரினா என்பது மண்ணில் செய்கிற ஒரு ஊதுகருவி. முட்டை வடிவத்தில் துளைகள் போட்ட சமாச்சாரம். கேமில் லிங்க் கையில் அது இருக்கிறது. நாம் பொத்தானை அழுத்தினால் அவன் ஊதுவான். ஐந்து பொத்தான், ஐந்து சுரம். மேற்கத்திய கணக்கில் டி, எஃப், ஏ, பி, மேல் டி. நம்ம கணக்கில் டி-யை ஷட்ஜமாக வைத்துக்கொண்டால் ச, க, ப, த, மேல் ச. காந்தாரம் சாதாரணம், தைவதம் சதுஸ்ருதி.

இப்போது பாருங்கள் வித்தையை. லிங்க் கற்றுக்கொள்கிற மூன்று சுரப் பாட்டு மொத்தம் ஆறு. ஆறுமே மூன்று சுரத்தை இரண்டு தடவை வாசிப்பதுதான்.

த, மேல் ச, ப என்று வாசித்தால் அது அந்த 1991 தாலாட்டு. அரச குடும்பத்தின் அடையாளம். மூடிய கதவுகள் திறக்கும். அதே மூன்று சுரத்தை மேல் ச, த, ப என்று மாற்றி வாசியுங்கள், குதிரை ஓடி வரும்! க, ப, த என்றால் காட்டில் இருக்கும் தோழியுடன் பேசலாம். ப, க, மேல் ச என்றால் பகல் இரவாகும், இரவு பகலாகும். ப, ச, க என்றால் காலத்தின் பாட்டு. ச, க, மேல் ச என்றால் கொட்டும் மழை.

ஐந்து சுரத்தில் மூன்றை எடுத்து வரிசைப்படுத்தினால் மொத்தம் அறுபது வழி. முதல் வருஷ மேத்ஸில் படித்ததுதான். அதில் ஆறே ஆறைப் பொறுக்கி, ஒவ்வொன்றையும் கேட்டதும் இன்னதென்று தெரிகிற மாதிரி ஒரு முழுப் பாட்டாக வளர்க்க வேண்டும். சாதாரண வேலையா அது? அதுவரை ஆடுகிறவன் இசையைக் கேட்டுக்கொண்டிருந்தான். இங்கே அவனே வாசிக்கிறான். கை விரல் மனப்பாடம் செய்துவிடுகிறது. அப்புறம் பதினைந்து வருஷம் கழித்து வேறொரு கேமில் அந்த மூன்று சுரம் லேசாக வந்தாலும் காதுக்கு முன்னால் கட்டைவிரல் அசைகிறது. இது நான் சோதித்துப் பார்த்தது.

இதில் இன்னொரு குறும்பும் உண்டு. 1986 கேமில் லிங்க் ஊதுகிற ஒரு சின்னக் குழலோசை இருந்தது. 1988-இல் வந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 3'-இல் ஒரு உலகத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவ விசில் ஊதுவோமே, அதுவும் அதே ஓசைதான். டி.வி. கேம் கேசட் காலத்து அண்ணன்மார்களுக்கு ஞாபகம் இருக்கலாம். அந்த ஓசையை வைத்துத்தான் 1998 கேமின் டைட்டில் இசையே ஆரம்பிக்கிறது. ஆனால், எல்லோரும் எதிர்பார்த்த அந்த முதல் மெட்டு? மைதானத்தில் அது முழுசாக வரவில்லை! கோண்டோ அங்கே வேறு ஒரு ஏற்பாடு செய்தார். எட்டு எட்டுப் பாராக நிறையத் துண்டுகள் எழுதி, அவை தற்செயல் வரிசையில் மாறி மாறி வரும்படி வைத்தார். சும்மா நின்றால் சாந்தமான துண்டு, எதிரி வந்தால் பதற்றமான துண்டு. எத்தனை மணி நேரம் சுற்றினாலும் அலுக்காமல் இருக்க இந்த வழி.

2000-இல் 'மஜோராஸ் மாஸ்க்'. அதில் அந்த முதல் மெட்டு, ஊர் எல்லையைத் தாண்டியதுமே, அணிவகுப்பு நடையில் திரும்பி வந்துவிட்டது. மூன்றே நாளில் நிலா வந்து ஊர்மேல் விழப்போகிறது, அதைத் தடுக்க வேண்டும் என்பது கதை. ஊருக்குள் ஓடும் இசை முதல் நாள் ஜாலியாக இருக்கும். இரண்டாம் நாள் அதே இசை, கொஞ்சம் வேகம். மூன்றாம் நாள் இன்னும் வேகம், அடியில் ஒரு பயமுறுத்துகிற இழுப்பு. அதே ட்யூன்தான்! மூன்றாம் நாள் அதைக் கேட்டால் வயிற்றைக் கலக்குகிறது. போர்டு எக்ஸாம் டைம்டேபிள் ஒட்டிய பிறகு நம்ம காலேஜ் மணியோசை கேட்கிற மாதிரி. இன்னும் ஒன்று: காலத்தின் பாட்டை இதில் திருப்பி வாசிக்கலாம். ப, ச, க என்பதை க, ச, ப என்று பின்னாலிருந்து வாசித்தால் ஓடுகிற காலம் மெதுவாகிறது.

பின்னாலிருந்து வாசிப்பது என்றதும் 2011-க்குத் தாவ வேண்டும். (நடுவில் இருக்கும் கேம்களுக்கு மன்னிக்கவும், பக்கம் போதாது.) 'ஸ்கைவர்டு சுவார்டு' என்ற அந்த கேமின் முக்கிய இசையைப் பெரிய ஆர்கெஸ்ட்ரா வைத்து வாசித்திருக்கிறார்கள். கம்பீரமாக இருக்கும். அதை அப்படியே பின்னோக்கி ஓட்டினால் செல்டாவின் தாலாட்டு வருகிறது! கேள்விப்பட்டதை நம்பாமல் கம்ப்யூட்டர் லேபில் ஆடாசிட்டியில் போட்டு 'ரிவர்ஸ்' கொடுத்துப் பார்த்தேன். வந்தது. ஹெட்ஃபோனை ஆளாளுக்கு மாட்டிக் கேட்டோம். லேப் அசிஸ்டன்ட் அண்ணனும் கேட்டார். இதில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், நின்டெண்டோவே வெளியிட்ட கால வரிசைப்படி அந்தத் தொடரின் கதைகளிலேயே மிகப் பழைய காலத்தில் நடப்பது இந்தக் கதைதான். எல்லாவற்றுக்கும் முன்னால் நடந்த கதைக்கு, எல்லோருக்கும் தெரிந்த மெட்டு பின்னோக்கி! சரக்கு தீர்ந்துபோன ஆள் செய்கிற காரியமா இது?

இப்போது என் வீட்டு விஷயம் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

எங்க அப்பா மைக் செட் வைத்திருந்தார். தென்காசிப் பக்கம் எங்க ஊரிலும் சுற்றுப்பட்டுக் கிராமங்களிலும் கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை எதுவானாலும் அப்பாவின் குழாய்தான் கட்டும். பன்னிரண்டு வயதில் இன்னொருவரிடம் கைப்பிள்ளையாகச் சேர்ந்து, ரெக்கார்டு பிளேயர் காலத்திலிருந்து பார்த்தவர். எந்த விசேஷமானாலும் முதல் பாட்டு ஒன்றேதான், சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு. அப்பா மட்டுமில்லை, எல்லா மைக் செட்காரர்களும் அப்படித்தான். வயலில் நிற்கிறவர்கள் அதைக் கேட்டதும் "சரி, கட்டியாச்சு" என்று கரையேறுவார்கள். ஒரே குரல், ஒரே பாட்டு. ஆனால் கல்யாண வீட்டில் கேட்டால் ஒரு மாதிரி, கொடையில் கேட்டால் வேறு மாதிரி. பள்ளிக்கூடத்தில் பரீட்சை எழுதும்போது தூரத்திலிருந்து காற்றில் வந்தால் வேறு மாதிரி.

2022-இல் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. இடது கை சரியாக எழும்பவில்லை. மரத்தில் ஏறிக் குழாய் கட்ட முடியாது. அடுத்த வருஷம் ஆம்ப்ளிஃபயர், குழாய், வயர் எல்லாவற்றையும் மொத்தமாக விற்றுவிட்டோம். என் செமஸ்டர் ஃபீஸும் அதில்தான் கட்டியது. 2024 கொடைக்கு வேறு ஊர்க்காரர் செட் கட்டினார். பெரிய பெரிய பாக்ஸ். எடுத்த எடுப்பில் ஒரு சினிமாக் குத்துப்பாட்டு. அப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். குறை ஒன்றும் சொல்லவில்லை. ரொம்ப நேரம் கழித்து, "இன்னும் ஆரம்பிக்கலியோ?" என்றார். மூன்று பாட்டு முடிந்திருந்தது.

அந்த லீவில்தான் நான் 'ப்ரெத் ஆஃப் தி ஒய்ல்டு' ஆடிக்கொண்டிருந்தேன். 2017 மார்ச் 3-இல் வந்தது. இதற்கு இசை கோண்டோ இல்லை. மனாகா கட்டாவோக்கா, யசுவாக்கி இவாட்டா, ஹஜிமே வக்காய் என்று அடுத்த தலைமுறை ஆட்கள். அந்த ராஜ்யம் நூறு வருஷத்துக்கு முன்பே அழிந்துபோய்விட்டது. புல் மண்டிக் கிடக்கிறது. நீங்கள் மைதானத்தில் எவ்வளவு தூரம் நடந்தாலும் அந்த முதல் மெட்டு வராது. காற்று, புல், பூச்சி. எப்போதாவது பியானோவில் இரண்டு சுரம், மறுபடி அமைதி. நாடே இல்லாதபோது அதன் பாட்டு மட்டும் எப்படி இருக்கும்?

ஒரு ராத்திரி திண்ணையில் அப்பா கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தேன். கேமிலும் ராத்திரி. லிங்க் குதிரையில் போய்க்கொண்டிருந்தான். குதிரை ஓட்டத்துக்கு ஏற்றபடி பியானோ வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. தூங்குகிறார் என்று நான் நினைத்திருந்த அப்பா சட்டென்று கேட்டார்: "ஏல, இது முந்தாநேத்து நீ போட்டியே, டம்டம்னு, அந்தப் பாட்டுதானே?"

முந்தாநாள் ஆடியது 1991 கேம். "இல்லப்பா, இது வேற" என்று சொல்ல வாயெடுத்தேன். அப்பா விரலால் கட்டிலைத் தட்டிக் காட்டினார். "நாப்பத்தஞ்சு ரெக்கார்ட முப்பத்திமூணுல போட்ட மாதிரி இருக்கு. நல்லாக் கேளு." கேட்டேன். வேகமான பியானோவுக்கு நடுவில் ஒவ்வொரு சுரமாக, ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் இடையில் ஒரு மூச்சு விட்டு, அந்த முதல் மெட்டு. அதேதான்! ரெக்கார்டை மெதுவாக ஓட்டினால் சுருதியும் இறங்கும். இதில் இடைவெளி மட்டும் நீண்டிருந்தது. மற்றபடி அப்பா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நான்கைந்து இரவு அதே குதிரையில் போயும் என் காதுக்கு எட்டாததை, ஜப்பான் எந்தத் திசையில் இருக்கிறது என்று கவலைப்படாத மனிதர் தூக்கத்தில் பிடித்துவிட்டார். ஆயிரம் விசேஷத்தில் ஒரே பாட்டைப் போட்ட காது அது.

"வேணும்னே ஒளிச்சு வச்சிருக்கான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "கெட்டிக்காரன்" என்றார்.

அதற்குப் பிறகு நான் அந்த கேமைத் தனியாக ஆடவில்லை. அப்பா கேட்பார், நான் ஓட்டுவேன். இடிந்து கிடக்கும் காலக் கோயிலுக்குள் போனால், 1998-இன் காலப் பாட்டு துண்டு துண்டாக, ஞாபக மறதிக்காரர் பாடுகிற மாதிரி வருகிறது. மலை உச்சியில் பறவை மனிதர்கள் வாழும் ஊருக்குப் போனால், 2002 கேமில் ஒரு தீவுக்கு இருந்த மெட்டு நிதானமாகக் கேட்கிறது. கடைசியாக, அசுரன் இருக்கும் கோட்டைக்குள் நுழைந்தால்தான் அத்தனை நேரம் அடக்கி வைத்திருந்த முதல் மெட்டு உரத்த குரலில், தாளத்தோடு, நிமிர்ந்து வருகிறது. கூடவே இளவரசியின் தாலாட்டும். எழுபது மணி நேரம் ஆடிய பிறகு! அன்றைக்கு அப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார். "இப்பத்தான் குழாய் கட்டியிருக்கான்" என்றார். சிங்கப்பூருக்கு போன் போட்டு அண்ணனிடம் சொன்னேன். அவனுக்குக் கேம் ஒன்றும் தெரியாது. ஆனால் அப்பா சொன்ன அந்த வார்த்தை மட்டும் அவனுக்குப் புரிந்தது. போனில் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

ரூம்மேட்டிடம் இதையெல்லாம் சொன்னேன். "அப்ப ட்யூன்ல ஒண்ணுமில்ல, எப்பப் போடுறாங்கிறதுலதான் இருக்கு" என்றான். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். கோண்டோவின் மெட்டு இவ்வளவு நீட்டியும் திருப்பியும் உடைத்தும் போட்ட பிறகும் அடையாளம் தெரிகிறது என்றால் மெட்டிலும் ஏதோ இருக்கிறது. எல்லா மெட்டையும் அப்படிச் செய்ய முடியாது. ரகசியக் கதவு திறந்தால் ஒலிக்கிற அந்தச் சின்ன மணியோசைகூட 1986-இலிருந்து வருகிறது. அது இரண்டு நொடிகூட இருக்காது. ஆனால் யாரும் தப்பாகக் கேட்க மாட்டார்கள். இது பற்றி எங்கள் அறையில் இன்னும் வாதம் நடந்துகொண்டிருக்கிறது. கலந்துகொள்ள விரும்புகிறவர்கள் முறுக்கோடு வரவும்.

இனி, நான் சொன்ன சிலபஸ் விஷயம். இந்த செமஸ்டர் மினி புராஜெக்டுக்கு நானும் என் பேட்ச் நண்பர்கள் இருவரும் ஐந்து பொத்தான் ஓகரினா ஒன்று செய்தோம். ஒரு 555 டைமர், அஸ்டேபிள் மோடு. கெப்பாசிட்டர் 0.1 மைக்ரோ ஃபாரட், ஆர்1 ஒரு கிலோ ஓம். ஆர்2-க்குப் பதிலாக ஐந்து 47 கிலோ ப்ரீசெட், ஒவ்வொன்றுக்கும் ஒரு புஷ் பட்டன். சுரத்துக்கு ஃப்ரீக்வென்ஸி 294, 349, 440, 494, 587 ஹெர்ட்ஸ். 440-க்கு ஆர்2 ஏறத்தாழ 15.9 கிலோ ஓம் வரும். ஃபார்முலா எல்லோருக்கும் தெரியும், போட்டுப் பாருங்கள். கெப்பாசிட்டர் டாலரன்ஸினால் கணக்கு வேறு, காது வேறாக இருக்கும். சி.ஆர்.ஓ.வில் பார்த்துக்கொண்டே ப்ரீசெட்டைத் திருகித்தான் சேர்க்க வேண்டும். ட்யூட்டி சைக்கிள் ஐம்பதுக்குப் பக்கத்தில் வருவதால், நாற்பது வருஷத்துக்கு முந்தைய ஃபேமிகாமின் பல்ஸ் சேனல் மாதிரியே கத்துகிறது. மொத்தச் செலவு ஹாஸ்டல் பரோட்டாவில் மூன்று நாள் கணக்கு. எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் மழைப் பாட்டை வாசிக்கச் சொல்லிவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். மழை வரவில்லை. மார்க் வந்தது.

போன லீவில் போர்டை ஊருக்குக் கொண்டுபோனேன். அப்பா வலது கையால் ஒவ்வொரு பொத்தானாக அழுத்திப் பார்த்தார். பத்து நிமிஷம் ஏதோ தேடினார். தாலாட்டு இல்லை, குதிரைப் பாட்டும் இல்லை. அவர் தேடியது பிள்ளையார் பாட்டை. பாதி வரைக்கும் தட்டித் தடவி வந்துவிட்டு நிறுத்தினார்.

"என்னல, அஞ்சுதான் வச்சிருக்க. இது பத்தாதே."

ஜப்பான்காரர்கள் ஐந்துதான் வைத்திருக்கிறார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் கேட்கவில்லை. அடுத்த முறை டவுனுக்குப் போகும்போது இன்னும் மூன்று ப்ரீசெட் வாங்க வேண்டும். போர்டில் இடம் இருக்கிறது.